முதல் திதிக்கு முன்பே முடிந்துவிடும் கெடு

அமெரிக்கக் கம்பெனிகளின் சென்னை, கோவை அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் பலருக்குச் சம்பளத்தோடு அந்தக் கம்பெனியின் பங்குகளும் கிடைக்கின்றன. ஆர்எஸ்யு என்று சொல்வார்கள். எத்தனை பங்கு, எந்த ஆண்டு எவ்வளவு கைக்கு வரும் என்பதெல்லாம் ஆஃபர் லெட்டரிலேயே தெளிவாக இருக்கும். பங்கு வைத்திருப்பவர் இறந்துபோனால், அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட அமெரிக்காவுக்குப் போகாதவராக இருந்தாலும், அவர் குடும்பம் அந்த நாட்டு அரசுக்கு எஸ்டேட் வரி கட்ட வேண்டி வரலாம் என்பது நான் பார்த்த எந்த ஆஃபர் லெட்டரிலும் இல்லை. அந்த வரிக்கு ஒன்பது மாதக் கெடு உண்டு, கெடு தவறினால் அபராதமும் வட்டியும் ஏறும் என்பதும் இல்லை.

நான் சென்னையில் ஆடிட்டராகத் தொழில் செய்பவன். என் மேசைக்கு வரும் கோப்புகளில் மனதை மிகவும் வருத்துபவை இவைதான். வருமான வரியில் கணக்கை மறைத்துவிட்டு நோட்டீஸோடு ஓடி வருபவர்களுக்குத் தாங்கள் என்ன செய்தோம் என்று தெரியும். இந்தக் கோப்புகளோடு வருபவர்களுக்கு எதுவுமே தெரியாது. பெரும்பாலும் நாற்பதுகளில் கணவரை இழந்த பெண்கள்.

சட்டம் சொல்வது இது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, அங்கே நிலையாகக் குடியிருக்காத ஒருவர் இறக்கும் நாளில் அவர் பெயரில் உள்ள அமெரிக்கச் சொத்தின் மதிப்பு 60,000 டாலரைத் தாண்டினால், 706-என்ஏ என்ற படிவத்தை அந்நாட்டு வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்கக் கம்பெனியின் பங்கு அமெரிக்கச் சொத்து. எந்த ஊரில் உட்கார்ந்து வேலை பார்த்து அதைச் சம்பாதித்தீர்கள், எந்த நாட்டு புரோக்கரிடம் வைத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. மொபைல் ஆப் வழியாக ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் பங்குகளை நேரடியாக வாங்கி வைத்திருப்பவர்களும் இதில் அடக்கம். அமெரிக்கப் பங்குகளில் முதலீடு செய்யும் இந்திய மியூச்சுவல் ஃபண்டு யூனிட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வரி விகிதம் 18 சதவீதத்தில் தொடங்கி 40 சதவீதம் வரை போகிறது.

இறந்த தேதியிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் படிவமும் போய்ச் சேர வேண்டும், பணமும் போய்ச் சேர வேண்டும். மார்ச் 12-ல் இறந்தார் என்றால் டிசம்பர் 12 கெடு. நம் வீடுகளில் முதல் வருடத் திதி கொடுத்து முடிக்கும்வரை சொத்துப் பேச்சை எடுக்கவே கூசுவார்கள். அந்தத் திதிக்கு மூன்று மாதம் முன்பே இந்தக் கெடு முடிந்துவிடுகிறது.

செத்துப்போனவருக்கு வரியா என்று கேட்காதவர்கள் இல்லை. இந்தியாவிலும் அப்படி ஒரு வரி இருந்தது. 1953-ல் வந்த எஸ்டேட் டியூட்டி சட்டத்தில் உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போயிற்று. வி.பி.சிங் நிதியமைச்சராக இருந்தபோது 1985 மார்ச்சில் அது கைவிடப்பட்டது. நான் ஆர்ட்டிகிள்ஷிப் செய்த அலுவலகத்தின் பரணில் அந்தக் காலத்துக் கோப்புகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு வீட்டில் இருந்த வெள்ளிக் குத்துவிளக்கு வரைக்கும் மதிப்புப் போட்டுப் பட்டியல் எழுதியிருப்பார்கள். என் சீனியருக்கு அதெல்லாம் கைப்பழக்கம். அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றதும் அந்தப் பழக்கமும் போய்விட்டது. இன்று இறப்புக்குப் பின் ஒரு வரிக் கெடு ஓடும் என்ற எண்ணமே குடும்பங்களுக்கு இல்லை. என் தொழிலில் இருக்கும் இளையவர்கள் பலருக்கும் இல்லை.

ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொகைகளையும் முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

கணவருக்கு ஓ.எம்.ஆரில் ஓர் அமெரிக்க மென்பொருள் கம்பெனியில் வேலை. நாற்பத்தாறு வயதில் மாரடைப்பு. மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. முதல் சில மாதங்கள் மாநகராட்சியில் இறப்புச் சான்றிதழ், தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், பி.எஃப்., எல்.ஐ.சி., வீட்டுக் கடன் பாக்கி, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று ஓடியிருக்கின்றன. பங்குகள் இருந்த புரோக்கர் கணக்கின் பாஸ்வேர்டு அவருடைய போனில் இருந்தது. அந்த போன் அவர் விரல் வைத்தால்தான் திறக்கும்.

அவர் மனைவி என்னிடம் வந்தது வேறு வேலையாக. இறந்தவரின் கடைசி ஆண்டு வருமானக் கணக்கை வாரிசுதான் தாக்கல் செய்ய வேண்டும். ஜூலை 31 நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபார்ம் 16-உடன் இணைத்திருந்த 12பிஏ படிவத்தில் பங்குச் சலுகை என்ற வரியில் பெரிய தொகை ஒன்று இருந்தது. பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்தேன். வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தப் பங்குகளை ஒவ்வோர் ஆண்டும் ஒன்று விடாமல் காட்டியிருந்தார். நேர்மையான மனிதர்.

“இந்தப் பங்கெல்லாம் என்னம்மா ஆச்சு?” என்று கேட்டேன்.

“அது பத்திரமா இருக்கு சார். நாமினி நான்தான்னு சொல்லியிருந்தாரு. பெரியவன் காலேஜ் செலவுக்கு ஆகும்னு தொடாம வச்சிருக்கேன்.”

அப்போது கணவர் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

நாமினி என்பது பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தரும். அமெரிக்க எஸ்டேட் வரியிலிருந்து விடுவிக்காது. மனைவிக்குப் போகும் சொத்துக்கு வரி இல்லை என்ற சலுகை அமெரிக்கச் சட்டத்தில் உண்டு. ஆனால் அந்த மனைவி அமெரிக்கக் குடிமகளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கென்று தனி டிரஸ்ட் ஒன்றை அமைத்தாக வேண்டும். புரோக்கருக்கு எழுதினோம். ஐஆர்எஸ் தரும் டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட் வந்தால்தான் பங்குகளை விடுவிப்போம் என்று பதில் வந்தது. அந்தச் சான்று வேண்டுமென்றால் 706-என்ஏ தாக்கல் செய்து, வரியும் கட்டியிருக்க வேண்டும். வரி கட்டப் பணம் வேண்டுமென்றால் பங்கை விற்க வேண்டும். பங்கை விற்க வேண்டுமென்றால் வரி கட்டியிருக்க வேண்டும்! கடைசியில் கணவரின் இன்ஷூரன்ஸ் பணத்தை டாலராக மாற்றித்தான் அனுப்பினார்.

அந்தப் பங்குகளின் மதிப்பு 2,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு என்பது இறந்த அன்று சந்தையில் அந்தப் பங்குக்கு இருந்த அதிக விலைக்கும் குறைந்த விலைக்கும் நடுவே உள்ள சராசரி. அதன் பிறகு விலை பாதியாக விழுந்திருந்தாலும் வரி அந்த நாளின் விலைக்குத்தான். ஆறு மாதம் கழித்து இருந்த விலையைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. படிவம் ஓராண்டுக்கு மேல் தாமதமானால் அந்த வழியும் அடைபட்டுவிடும். வேறு கழிவுகள் ஏதும் இல்லையென்றால் 2,00,000 டாலருக்கு அட்டவணைப்படி வரி 54,800 டாலர். அதில் எல்லோருக்கும் பொதுவான கழிவு 13,000 போக, கட்ட வேண்டியது 41,800 டாலர்.

இனி தாமதக் கணக்கு. படிவம் தாக்கல் செய்யாததற்கு ஒவ்வொரு மாதமும், மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதமாக, வரியில் 5 சதவீதம் அபராதம். ஐந்து மாதத்தில் 25 சதவீதம் என்ற உச்சத்தில் நிற்கும். பணம் கட்டாததற்குத் தனியாக மாதம் அரை சதவீதம். அதுவும் 25 சதவீதம் வரை ஏறும். இரண்டும் ஒரே மாதத்தில் வந்தால் முதல் அபராதத்தில் அரை சதவீதத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். இவை தவிர வட்டி. அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் விகிதத்தோடு 3 சதவீதம் கூட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறார்கள். 2025-ல் 7 சதவீதமாக இருந்தது. அது நாள்தோறும் கூட்டு வட்டியாக ஏறுகிறது. தாக்கல் அபராதத் தொகைக்கும் கெடு நாளிலிருந்தே வட்டி உண்டு.

அந்த ஆசிரியை என் எதிரே உட்கார்ந்திருந்த நாளில் கெடு முடிந்து ஐந்து மாதம். தாக்கல் அபராதம் ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டிருந்தது. இரண்டு அபராதமும் சேர்ந்து 10,450 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று போட்டால் 9,40,500 ரூபாய். அவருடைய ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகம். இன்னும் தாமதித்து, கெடுவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு கழித்து வந்திருந்தால் அபராதமும் 7 சதவீத வட்டியுமாக 22,000 டாலருக்கு மேல் போயிருக்கும். அதாவது வரியில் பாதிக்கும் மேல். வராமலே விட்டிருந்தாலும் தப்ப முடியாது. படிவமே தாக்கல் செய்யாத கணக்குக்கு ஐஆர்எஸ்ஸுக்குக் கால வரம்பு கிடையாது.

இதில் இன்னொன்றும் உண்டு. நீதிமன்றம் நியமித்த நிர்வாகி இல்லாதபோது, இறந்தவரின் சொத்து யார் வசம் இருக்கிறதோ அவரே எக்ஸிக்யூட்டர் என்கிறது சட்டம். கணவரின் கணக்கைத் திறந்து பார்க்கவே முடியாத ஒரு பெண், அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் கடமை தவறிய நிர்வாகி ஆகிவிடுகிறார்.

வட்டியை நான் எதிர்க்கவில்லை. அரசுக்குச் சேர வேண்டிய பணம் தாமதமாகச் சேர்ந்தால் வட்டி கேட்பது நியாயம். நம் அரசும் கேட்கிறது. தாக்கல் அபராதத்தைத்தான் எதிர்க்கிறேன். அபராதம் என்பது தெரிந்தே தட்டிக் கழிப்பவரை வழிக்குக் கொண்டுவருவதற்காக ஏற்பட்டது. கெடு என்று ஒன்று இருப்பதையே அறியாதவரை அது எப்படி வழிக்குக் கொண்டுவரும்? துக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் பணத்திலிருந்து வரியில் கால் பங்கு அளவுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்வது மட்டுமே அதனால் நடக்கிறது.

நியாயமான காரணம் காட்டினால் அபராதத்தை நீக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு குறுகலானது. 1985 ஜனவரியில், நம் எஸ்டேட் டியூட்டி போவதற்கு இரண்டு மாதம் முன்பு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாயில் வழக்கில் தீர்ப்பளித்தது. தாயின் சொத்துக்கு நிர்வாகியான மகன் வேலையை ஒரு வழக்கறிஞரிடம் ஒப்படைத்திருந்தார். என்ன ஆயிற்று என்று அவ்வப்போது கேட்டும் வந்தார். வழக்கறிஞர் அலுவலகத்தில் கெடு தேதியைக் காலண்டரில் குறிக்க விட்டுவிட்டார்கள். படிவம் மூன்று மாதம் தாமதம். அபராதம் 17,124 டாலர் 45 சென்ட். வழக்கறிஞரை நம்பினேன் என்பது காரணம் ஆகாது, தேதியைக் கவனிப்பது நிர்வாகியின் கடமை என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். இன்றுவரை ஐஆர்எஸ் கையில் எடுக்கும் தீர்ப்பு அது. வருமான வரியில் முதல்முறை தவறுபவருக்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு ஒன்று ஐஆர்எஸ்ஸில் உண்டு. எஸ்டேட் வரிக்கு அது பொருந்தாது.

தெரியாது என்று சொன்னால் விட்டுவிடலாம் என்றால் நாளைக்கு எல்லோரும் தெரியாது என்றுதானே சொல்வார்கள் என்று என் நண்பர், அவரும் ஆடிட்டர், கேட்டார். சரியான கேள்விதான். அதனால்தான் தெரிந்தவர்கள் மேல் பொறுப்பை வைக்க வேண்டும் என்கிறேன். புரோக்கருக்குத் தெரியும். பங்குதாரர் அமெரிக்கர் அல்ல என்று டபிள்யு-8பென் என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள்; அது காலாவதியாகும் முன் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். டிவிடெண்டில் 25 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கிறார்கள். கம்பெனிக்கும் தெரியும். பங்கு கைக்கு வரும் நாளிலேயே வருமான வரிக்காகச் சில பங்குகளை விற்றுக் கட்டிவிடுகிறார்கள். ஊழியர் இறந்தார் என்று முதலில் தகவல் போவதும் இவர்களுக்குத்தான். படிவத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் அந்த மின்னஞ்சலில் இதைப் பற்றி ஒரு பத்தி சேர்ப்பதற்கு என்ன செலவு? எச்ஆரிலிருந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு மலர்மாலையோடு வருகிறார்கள். அதே மாதத்தில், ‘உங்கள் கணவர் பெயரில் இத்தனை பங்குகள் உள்ளன, இந்தத் தேதிக்குள் இந்தப் படிவம் அனுப்ப வேண்டும்’ என்று அந்தம்மாவுக்குப் புரியும் மொழியில் ஒரு கடிதம் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்பது லட்சம் மிஞ்சியிருக்கும்.

அந்த 60,000 டாலர் எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 13,000 டாலர் கழிவு 1988-ல் வந்தது. 60,000 டாலருக்கு வரும் வரி அது. அந்தக் காலத்தில் அமெரிக்கக் குடிமக்களுக்கு 6,00,000 டாலர் வரை வரி இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு இருந்ததைப் போல் பத்து மடங்கு. குடிமக்களுக்கான எல்லை ஏறி ஏறி 2026-ல் ஒன்றரைக் கோடி டாலர் ஆகிவிட்டது. நம் எல்லை அதே 60,000-ல் நிற்கிறது. பத்து மடங்கு இருந்த வித்தியாசம் 250 மடங்கு ஆகியிருக்கிறது. பெரும் பணக்காரர்களுக்காக வகுத்த வரி, சென்னையில் மாதச் சம்பளம் வாங்கும் ஒருவரின் குடும்பத்தின் மேல் விழுவதற்கு இதுதான் காரணம்.

இதைச் சரிசெய்ய டெல்லிக்கு வழி இருக்கிறது. ஜப்பான், ஜெர்மனி, கனடா போன்ற நாடுகள் அமெரிக்காவோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களால் அந்நாட்டு மக்களுக்குக் குடிமக்களுக்கான வரிவிலக்கில் ஒரு விகிதம் கிடைக்கிறது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரியில் ஒப்பந்தம் உண்டு. எஸ்டேட் வரியில் இல்லை. நம்மிடம் அந்த வரியே இல்லாதபோது ஒப்பந்தம் எதற்கு என்று சிலர் சொல்கிறார்கள். கனடாவிலும் எஸ்டேட் வரி இல்லை. ஆஸ்திரேலியா தன் எஸ்டேட் வரியைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் அதன் பழைய ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு இத்தனை லட்சம் பேர் உழைக்கும் ஒரு நாட்டுக்கு இதைக் கேட்கும் தகுதி இல்லையா? நம் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் ஒருவராவது நாடாளுமன்றத்தில் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும்.

அதெல்லாம் நடக்கும்வரை குடும்பங்கள் செய்யக்கூடியது உண்டு. பங்கு வைத்திருப்பவர்கள் மதிப்பைப் பாருங்கள். 60,000 டாலரை நெருங்கினால், கைக்கு வந்ததை விற்று இங்கே கொண்டுவருவதைப் பற்றி யோசியுங்கள். புரோக்கர் பெயரும் கணக்கு எண்ணும் மனைவிக்கோ கணவருக்கோ எழுத்தில் தெரிந்திருக்கட்டும். வீட்டில் இறப்பு நேர்ந்து ஒன்பது மாதம் இன்னும் ஆகவில்லையென்றால், 4768 என்ற படிவத்தைக் கெடுவுக்குள் அனுப்பினாலே தாக்கலுக்கு ஆறு மாதம் கூடுதல் அவகாசம் தானாகக் கிடைக்கும். பணம் கட்டுவதற்கு அந்த அவகாசம் தானாக வராது. கஷ்டத்தை விளக்கித் தனியாகக் கேட்க வேண்டும், கிடைத்தாலும் வட்டி ஓடும். பணம் இல்லை என்பதற்காகப் படிவத்தை நிறுத்தி வைக்காதீர்கள். தாக்கல் செய்யாததற்கான அபராதம், கட்டாததற்கான அபராதத்தைப் போல் பத்து மடங்கு.

கெடு தாண்டிவிட்டது என்று இதைப் படிக்கும்போதுதான் தெரிகிறதா? யாரிடம் சொல்வது என்று தயங்கி இன்னொரு மாதத்தை விடாதீர்கள். என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, தெரிந்தவுடன் என்ன செய்தீர்கள் என்று தேதிவாரியாக எழுதுங்கள். இறப்புச் சான்றிதழும் புரோக்கரின் முதல் கடிதமும் இணையுங்கள். இந்த வரி தெரிந்த ஆடிட்டர் ஒருவரைப் பிடித்துப் படிவத்தை அனுப்புங்கள். அபராதத்தை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர்களில் சிலருக்காவது கிடைக்கிறது.